கொரியத் தொடர்களும் சம்பந்தி மரியாதையும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே பேத்தி உட்பட எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்கள் சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் முட்டை அவிக்கும்போது பாத்திரத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றவேண்டும் என்று நேற்று நீங்கள் உங்கள் மகளிடம் ஃபோனில் கேட்டது என் காதிலும் விழுந்தது. வாழ்நாள் முழுக்க ஆற்றின் மேல் பாலம் கட்டியவர், ஒரு குவளைத் தண்ணீருக்கு இப்படித் தடுமாறும்போது, சௌக்கியமா என்று கேட்க மனம் வரவில்லை. அதனால் நேரே செய்திக்கு வருகிறேன். முப்பத்தைந்து வருடம் நீதிமன்றச் செய்தி எழுதியவன் முக்கியமானதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவான். வெற்றி, சம்பந்தி, வெற்றி. தரவரிசை முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் ஆள் வந்து சேரும். ஜன்னல் ஓர இருக்கை. டிக்கெட் என் சட்டைப்பையில் இருக்கிறது.

என்ன தரவரிசை என்று கேட்பீர்கள். ஒரு வாரத்தில் திரும்பிவிடுகிறேன் என்று ஒரே பையோடு வந்த சம்பந்தியம்மா ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் "பேத்தி விடமாட்டேங்கிறா" என்று சொல்லிவந்தேன். பேத்திக்கு ஆறு மாதம். அவள் யாரையும் பிடித்துவைக்கும் நிலையில் இல்லை. உண்மைக் காரணம் வேறு. உங்கள் வீட்டுக்காரம்மாவும் என் வீட்டுக்காரியும் இந்த வருடம் முழுவதும் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரே கொரியத் தொடரை ஒரே நாளில் பார்த்து, மறுநாள் காலை ஃபோனில் அலசிவந்தார்கள். வருடம் முடிவதற்குள் எது முதல், எது இரண்டாவது என்று நேரில் உட்கார்ந்து வரிசைப்படுத்திவிடலாம், அரை மணி நேர வேலை என்றுதான் அவர் வந்தார். அந்த அரை மணி இரண்டு மாதமாகிவிட்டது. நடுவில் நான் ஒருமுறை, "சம்பந்தி அங்க தனியா இருக்காரே" என்று மெதுவாக எடுத்தேன். கணக்கு டீச்சராக இருந்தவர் அல்லவா, கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "திருத்த எடுத்த விடைத்தாளைப் பாதியில கீழ வெக்கிற பழக்கம் எனக்கு இல்ல" என்றார். நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

தொடர்களின் சொந்தப் பெயர்கள் எங்கள் வீட்டில் யார் நாக்கிலும் நிற்பதில்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் வீட்டுப் பெயர்தான். நீதிபதி வேலையை விட்டுவிட்டு அப்பாவின் துணி வெளுக்கும் கடைக்கு வந்து உட்காருகிறவனின் கதை 'சலவைக்கடை'. விதவிதமான தொப்பி போட்டுக்கொண்டு அரண்மனைச் சதிகளை முறியடிக்கிறவர் 'தொப்பி ராஜா'. இறந்துபோனது தெரியாமல் வாடகை வீட்டைக் காலிசெய்ய மறுக்கும் ஒரு தட்டச்சுக்காரப் பெண்ணின் கதை 'பேய் வாடகை'. ஒப்பந்தக் கல்யாணம் செய்துகொள்ளும் கம்பெனி முதலாளி 'கண்ணாடி மாப்பிள்ளை'. இதில் கண்ணாடி மாப்பிள்ளைக்குக் கடைசி இடம் என்பது ஐந்து நிமிடத்தில் ஒருமனதாக முடிவானது. அந்த ஒற்றுமையைப் பார்த்து நானும் ஏமாந்தேன்.

நான் இவற்றையெல்லாம் பார்ப்பதில்லை என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். பேப்பர் படிக்க வெளிச்சம் உள்ள இடம் ஹால்தான். அங்கே உட்கார்ந்திருப்பதால் காதில் விழும், அவ்வளவுதான். தொப்பி ராஜாவின் தம்பி ஆறாவது பகுதியில் மோதிரத்தை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டான் என்பதும், அதை அரண்மனையில் ஒருத்தரும் கவனிக்கவில்லை என்பதும்கூட எனக்குக் காதில் விழுந்து தெரிந்ததுதான்.

சிக்கல் முதல் இடத்தில் வந்தது. என் வீட்டுக்காரிக்குச் சலவைக்கடை உயிர். சம்பந்தியம்மாவுக்குத் தொப்பி ராஜா. வேறு உறவாக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பார்கள். அக்கா தங்கையாக இருந்தால் ஒரு கதவு படாரென்று சாத்தப்பட்டிருக்கும், விஷயமும் முடிந்திருக்கும். சம்பந்திகள் எப்படிக் கதவைச் சாத்துவது? "உங்க தொடர் ஒரு படி மேலதான் சம்பந்தி" என்று இவள் சொல்ல, "ஐயோ, உங்களோடதுக்கு முன்னாடி நிக்குமா" என்று அவர் சொல்ல, காலையில் ஆரம்பித்த உபசாரம் மத்தியானச் சாப்பாடு வரை போகும். தரவரிசை மட்டும் ஓர் அங்குலம் நகராது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது உங்கள் மகள். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் மாமியார். பல் கட்டும் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க மெழுகில் பல் செதுக்கிவிட்டு வருகிற பெண், செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு பேரும், "நீயே சொல்லும்மா" என்பார்கள். அவள், "தொப்பி ராஜாவுக்கு முன்பல்லு ரெண்டும் உறை போட்டது, சலவைக்கடைக்காரனுக்கு சொந்தப் பல்லு, ஆனா கொஞ்சம் கோணல்" என்று தொழில்முறையில் ஒரு பதில் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். முகம் மட்டும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. இதற்கு மேல் தாங்காது என்று நான் களத்தில் இறங்கினேன்.

ரகசிய வாக்கெடுப்பு என்று அறிவித்தேன். எதையும் பார்க்காதவன் என்பதால் தேர்தல் அதிகாரி நான். எனக்கு வாக்கு கிடையாது. சாப்பாட்டு மேஜையில் காலி பிஸ்கட் டப்பாவின் மூடியில் துளை போட்டு வைத்தேன். நான்கு வாக்காளர்களும் ஒவ்வொருவராகச் சமையலறைக்குள் போய் எழுதி, மடித்துக்கொண்டு வந்து போட்டார்கள். டப்பாவைத் திறந்தேன். ஒரு சீட்டில், "லிஃப்ட் வர்ற எடமெல்லாம் தப்பு. அப்படியெல்லாம் அறுந்து விழாது, பிரேக் இருக்கு" என்று எழுதியிருந்தது. அது உங்கள் மாப்பிள்ளை. லிஃப்ட் மெக்கானிக்கைக் காதல் கதைக்கு வாக்காளராகச் சேர்த்தது என் பிழை. செல்லாத ஓட்டு. இன்னொரு சீட்டில், "ரெண்டும் நல்லா இருக்கு" என்று இருந்தது. உங்கள் மகள், பாவம். மீதி இரண்டு சீட்டில் ஒன்று தொப்பி ராஜா, ஒன்று சலவைக்கடை. ஆளுக்கொரு ஓட்டு, சமநிலை, இதிலென்ன ஆச்சரியம் என்று நினைப்பீர்கள். எழுத்தைப் பாருங்கள் சம்பந்தி! தொப்பி ராஜாவுக்குப் போட்டிருந்தவள் என் வீட்டுக்காரி. மருத்துவமனை வார்டில் நர்ஸாக முப்பது வருடம் மருந்துக் குறிப்பு எழுதிய கையெழுத்து எனக்குத் தெரியாதா? சலவைக்கடைக்குக் கீழே அளவுகோல் வைத்த மாதிரி ஒரு கோடு. அது சம்பந்தியம்மா. மரியாதைக்காக இவள் அவருடையதுக்குப் போட்டிருக்கிறாள், அவர் இவளுடையதுக்குப் போட்டிருக்கிறார்.

முடிவைப் படித்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஏதோ ஒன்றுக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. கொஞ்சநேரத்தில் என் வீட்டுக்காரி என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பாத்தீங்களா? நான் ஒரு மரியாதைக்குப் போட்டேன். அவங்க என்ன சொல்லணும்? 'ஐயையோ, வேண்டாம் சம்பந்தி, உங்களோடதே முதல்ல இருக்கட்டும்'னு சொல்ல வேண்டாமா? வாய தெறக்கலையே!"

"அவங்களும் உன்னோடதுக்குத்தானே போட்டாங்க?"

"அப்போ அவங்களுக்கே தெரியுது, என்னோடதுதான் ஒசத்தின்னு. அத ஒத்துக்க வேண்டியதுதானே?"

அதே நேரத்தில் பால்கனியில், துணிக் கொடிக்குப் பக்கத்தில், சம்பந்தியம்மா தன் மகளிடம் சொல்லுக்குச் சொல் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஆதாரம் உங்கள் மகள். நம்பத்தகுந்த வட்டாரம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படி வர்ணிப்பேன்! கோபம் முற்ற முற்ற மரியாதை கூடிக்கொண்டே போனது. "நீங்க முதல்ல காபி எடுத்துக்குங்க." "நீங்க எடுக்காம நான் எப்படி?" இரண்டு காபியும் ஆறி ஆடை படிந்தன. இதுவரை 'நீங்க' என்று பேசிக்கொண்டவர்கள் 'அவங்க' என்று படர்க்கைக்குப் போய்விட்டார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லவேண்டியதை என்னிடம் சொன்னார்கள். "அவங்களுக்கு ஃபேன் வேகமா இருக்கான்னு கேளுங்க." ஒரு சாயங்காலம் ரிமோட்டை யார் எடுப்பது என்ற உபசாரம் முற்றி, யாருமே எடுக்கவில்லை. டிவி, "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேட்டபடி நின்றது. மூன்று பேரும் அந்தக் கேள்வியையே ஒரு மணி நேரம் பார்த்தோம். உங்கள் மாப்பிள்ளை வேலைவிட்டு வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க? இதுல லிஃப்ட் வரல, நல்லா இருக்கு" என்றான்.

அங்கேதான், சம்பந்தி, என் முப்பத்தைந்து வருட அனுபவம் கைகொடுத்தது. நீதிமன்றத்தில் நான் கண்ட ஒரே பேருண்மை: சாட்சி சொன்னதை மறுக்க விடக்கூடாது, அதிலேயே பிடித்து நிற்கவைக்கவேண்டும். மறுநாள் எல்லோருக்கும் விடுமுறை; மத்தியானம் மேஜைக்கு அழைத்தேன். "வாக்கு போட்டது போட்டதுதான். யார் எதுக்குப் போட்டீங்களோ, அதுக்கு ஆதரவா வாதாடணும்" என்றேன். இரண்டு பேர் முகத்திலும் ரத்தம் வற்றிவிட்டது. மறுக்க முடியுமா? மறுத்தால் மரியாதைக்குப் போட்டது வெளியே வந்துவிடும்.

என் வீட்டுக்காரி தொண்டையைச் செருமிக்கொண்டு தொப்பி ராஜாவுக்காக ஆரம்பித்தாள். "ராஜா தங்கமான மனுசன். விஷம் கலந்த கஞ்சியக் குடிச்சிட்டு நாலு எபிசோடு நடமாடறார், குதிரை ஏறறார், தீர்ப்பு சொல்றார். என் சர்வீஸ்ல அப்படி ஒரு நோயாளிய பாத்ததே இல்ல. டாக்டருங்களுக்கே பாடம். தொப்பியும் எத்தனை! தொப்பிய எடுத்துட்டா எந்த ராஜான்னு எனக்குத் தெரியாது, ஆனா தொப்பிகள் அருமை."

சம்பந்தியம்மா அசரவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சலவைக்கடைக்காக எழுந்தார். "ரொம்ப உருக்கமான கதை. கடைக்கு ஒரு நாளைக்கு ரெண்டு சட்டை வருது. வேலை செய்யறவங்க நாலு பேர். ஒரு சட்டைக்கு ரெண்டு பேர். வெளுப்பா இல்லாம எப்படி இருக்கும்? அந்தப் பையன் நீதிபதியா இருந்தவன்னு சொல்றாங்க, அந்தக் கணக்கு மட்டும் அவனுக்குப் புரியல. இருந்தாலும் உருக்கம்னா உருக்கம். நான் நூத்துக்கு நாப்பத்தஞ்சு தாராளமா போடுவேன்."

"நாப்பத்தஞ்சா!" என் வீட்டுக்காரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "அந்த ரெண்டு சட்டையில ஒண்ணு அவனோட செத்துப்போன அப்பாவோடது, தெரியுமா உங்களுக்கு? அவன் தினம் அதையே வெளுக்கறான்! கல்நெஞ்சுக்காரங்களுக்குத்தான் அது கணக்கா தெரியும்!"

"கஞ்சியில விஷம்னு கேலி பண்ணீங்களே, அவர் ஏன் குடிச்சார்? தம்பி மேல பழி வரக்கூடாதுன்னு தெரிஞ்சே குடிச்சார்! வார்டுல டெம்பரேச்சர் பாத்தவங்களுக்கு அது எங்க தெரியப்போகுது!"

இத்தனை நாளுக்குப் பிறகு மறுபடி நேருக்கு நேர், 'நீங்க' என்று, அதுவும் உரக்க! எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. உங்கள் மாப்பிள்ளை மட்டும் சாவியைத் தேடுவதுபோல மெதுவாக வாசல்பக்கம் நகர்ந்தான். அப்போதுதான் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த உங்கள் மகள் வாயைத் திறந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லலாமா? வருஷம் பூரா நீங்க ரெண்டு பேரும் பாத்ததெல்லாம் நானும் பாத்தேன். நான் அழுதது ஒண்ணே ஒண்ணுக்குத்தான். பேய் வாடகை."

இருவரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"அந்தப் பொண்ண வீட்ட விட்டு அனுப்பறதுக்கு அவன் பதினஞ்சு எபிசோடு என்னென்னவோ செய்யறான். கோர்ட்டுக்குப் போறான், மந்திரவாதிய கூட்டிட்டு வரான். அவ அசையல. கடைசியில அவனுக்கு மனசு கேக்காம, 'இருந்துட்டுப் போங்க, இது உங்க வீடுதான்'னு சொல்றான். சொன்ன உடனே அவ எந்திரிச்சு, ஜன்னல சாத்திட்டு, போயிடறா. போன்னு சொன்ன வரைக்கும் போகல. இருன்னு ஒரு வார்த்தை கேக்கத்தான் இருந்தா." குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். "அம்மா வந்ததுலேருந்து எப்ப கெளம்புவாங்க, எப்ப கெளம்புவாங்கன்னுதான் இந்த வீட்டுல பேச்சு. எனக்கு அந்த ஜன்னல் ஞாபகம்தான் வருது."

சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்த ஜன்னல் கொக்கிய அவ ரெண்டு தடவை சரியா விழுந்திருக்கான்னு பாக்கறா" என்றார். "ஆமா, மழை பெய்யுதுன்னு" என்றாள் என் வீட்டுக்காரி. "நீங்களும் அழுதீங்களா?" என்றார் அவர். "ஒரு துண்டு நனைஞ்சுது. சொன்னா நீங்க சிரிப்பீங்கன்னு ஃபோன்ல சொல்லல." "எனக்கும் அதேதான் சம்பந்தி." மேஜைக்கு மேலே இரண்டு கைகள் கோத்துக்கொண்டன. குழந்தையும் ஏப்பம் விட்டுத் தூங்கிப்போனது. நான் உடனே எழுந்து தீர்ப்பை அறிவித்தேன். முதல் இடம் பேய் வாடகை, ஒருமனதாக. இரண்டாம் இடம் தொப்பி ராஜாவும் சலவைக்கடையும் சேர்ந்து. கடைசி இடத்தில் மாற்றமில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சூட்டிலேயே ரயில் டிக்கெட்டையும் எடுத்துவிட்டேன்.

இனி நமக்குள் ஒரு விஷயம். பேய் வாடகைதான் ஆரம்பத்திலிருந்தே என் வேட்பாளர். காதில் விழுந்தவற்றுள் நெஞ்சில் நின்றது அதுதான். தேர்தல் அதிகாரியாக இருந்துகொண்டு நான் யாரிடமும் வாக்குக் கேட்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹாலில் நான் தனியாக இருந்த சில விடுமுறை மத்தியானங்களில், அந்தத் தொடரின் கடைசிப் பகுதி டிவியில் கொஞ்சம் சத்தமாக ஓடியிருக்கலாம். இந்த வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. அறையில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த உங்கள் மகளுக்கு அது கேட்டிருந்தால், அதற்குச் சுவர் கட்டியவர்தான் பொறுப்பு. நான்கு பேரை ஒருமனதாக ஒரு முடிவுக்குக் கொண்டுவந்த நடுவரை நான் என் வாழ்நாள் சர்வீஸில் பார்த்ததில்லை. இப்போது தினம் சவரம் செய்யும்போது பார்க்கிறேன்.

ஆகவே, வீட்டைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அடுப்படியில் உள்ள முட்டை ஓடுகளை அப்புறப்படுத்திவிடுங்கள். சம்பந்தியம்மாவின் நாற்காலியில் உலர்த்தியிருக்கும் துண்டை எடுத்துவிடுங்கள். ஞாயிறு காலை ரயிலடிக்கு வந்துவிடுங்கள். பெரியவர்கள் ஆசியும் சிறியவர்கள் வணக்கமும் இத்துடன் வருகின்றன, யார் யாருக்கு எது என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வென்றுவிட்ட களிப்புடன்,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஒரு சிறு மாற்றம். பிரிவதற்கு முன் பேயை ஒருமுறை சேர்ந்து பார்த்துவிடலாம் என்று இரண்டு பேரும் டிவியைப் போட்டிருக்கிறார்கள். யார் பார்க்கிறீர்கள் என்று டிவி கேட்டதற்கு என் வீட்டுக்காரி கை தவறி என் பெயரை அழுத்திவிட்டாள். பேய் வாடகை முழுவதையும் நான் மூன்று சுற்று பார்த்து, கடைசிப் பகுதியை மட்டும் தனியே பலமுறை ஓடவிட்ட கதை அங்கே படத்தோடு வரிசையாக நின்றது. "நடுவர்னு உக்காந்த மனுசன் வேட்பாளரோட ஏஜென்ட்டு!" என்றாள் இவள். "தேர்வு ரத்து" என்றார் சம்பந்தியம்மா. வருடத்தின் எல்லாத் தொடர்களையும் முதல் பகுதியிலிருந்து மறுபடி பார்த்து, மரியாதை கலக்காமல் மறுமதிப்பீடு செய்வதென்று இருவரும் முடிவெடுத்துவிட்டார்கள். கண்ணாடி மாப்பிள்ளையையும் சேர்த்து. என் வீட்டுக்காரி அவர் கையைப் பிடித்து, "இருங்க சம்பந்தி" என்றாள். உங்கள் மகள் பயந்துபோய் அம்மாவைப் பார்க்க, அவர், "இருங்கன்னதும் எந்திரிச்சுப் போக நான் என்ன பேயா? இருக்கேன்" என்றார். உங்கள் மகள் அம்மாவின் பையைப் பிரித்துப் புடவைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்குகிறாள். இங்கே வந்ததிலிருந்து அவள் பாடி நான் கேட்டதில்லை. இப்போது பாடுகிறாள். மறுமதிப்பீடு முடியும் வரை எனக்கு ஹாலில் அனுமதி இல்லை. பேப்பரைக் குளியலறை வெளிச்சத்தில் படித்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. அதனால் சம்பந்தியம்மாவின் டிக்கெட்டை ரத்துசெய்துவிட்டு அதே ரயிலில் எனக்கு ஒன்று எடுத்திருக்கிறேன். ஞாயிறு காலை ஆள் வந்து சேரும் என்று மேலே எழுதியது முழுக்க உண்மை. ஆள்தான் வேறு. முட்டை நான் அவிக்கிறேன். உங்கள் டிவி ஓடும் நிலையில் இருக்கிறதல்லவா?